மர பெஞ்சுக்கு ஒரு மார்க் குறைவு: குன்னூரில் ஒரு மாடிக் கிளினிக்

ஊட்டி வர்க்கி எந்த பேக்கரியில் நன்றாக இருக்கும் என்று யாராவது கேட்டால் நம் ஆட்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். உட்காருகிற இடத்தில் வலி, ரத்தம், யாரிடம் காட்டுவது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. காதோடு காதாக ஒரு களிம்புப் பெயர் சொல்லுவார்கள், அவ்வளவுதான். அதனால் நான் எழுதுகிறேன். இரண்டு பிள்ளை பெற்றவள், வயது நாற்பதைத் தாண்டியாயிற்று, எனக்கென்ன வெட்கம்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டு பக்கம் ஏறுகிற வழியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்தக் கிளினிக். சாயங்காலம் மட்டும்தான். டாக்டர் பெண், பொது அறுவைச் சிகிச்சை நிபுணர். எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "தாராளமா எழுதுங்க, என் பேரை மட்டும் போட்டுடாதீங்க, ஏற்கெனவே வீட்டுக்குப் போக ஒன்பது மணி ஆகுது" என்றார். எனவே பெயர் இல்லை. குன்னூர்க்காரர்களுக்கு இந்த அடையாளமே போதும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கிற ஃபேக்டரி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் இலைக்கு எடைச் சீட்டு, மாதக் கடைசியில் பட்டுவாடா, இதுதான் வேலை. சீசனில் இலை குவிந்துவிட்டால் காலையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை நாற்காலிதான். ஃபேக்டரியில் உள்ள ஒரே கழிவறை விறகு அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பின்னால், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக. அங்கே போகக்கூடாது என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிற பெண்கள் நாங்கள். எங்கள் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அவர் காலத்தில் காட்டுக்குள் கழிவறை என்ற பேச்சே கிடையாது. அடக்கிக்கொள்ளப் பழகு என்பதுதான் அவர் எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் பாடம். போதாததற்கு குன்னூர் குளிரில் யாருக்குத் தாகம் எடுக்கிறது? தேநீர் மட்டும் மணிக்கொன்று உள்ளே போகும், கூடவே மைதா வர்க்கி. மலம் இறுகாமல் என்ன செய்யும்?

எனக்கு வந்தது வலி. வெளிக்குப் போகும்போது அறுக்கிற வலி, போய்விட்டு வந்த பிறகும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் எரிச்சல். கழுவும்போது கையில் சிவப்பாகக் கொஞ்சம். ஃபேக்டரியில் சொன்னால், "உடம்புச் சூடு, நல்லெண்ணெய் வைத்துக் குளி" என்றார்கள். ஆறாயிரம் அடி உயரத்தில், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு உடம்புச் சூடு! மருந்துக்கடைப் பையன் 'பைல்ஸ் ஆயின்மென்ட்' என்று ஒன்று கொடுத்தான். போட்டால் மரத்துப்போகும், மரப்பு விட்டதும் பழைய கதைதான். குறையாததால் மாடி ஏறினேன்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். காத்திருக்கும் இடத்தில் மர பெஞ்ச், மெத்தை கிடையாது. வருகிறவர்களில் பாதிப் பேர் உட்கார முடியாமல் வருகிறவர்கள், அவர்களுக்குத் தேக்குப் பலகையைப் போட்டு வைத்திருக்கிறார்கள்! நிற்கிறவர்களே அதிகம். எல்லாவற்றுக்கும் மேல் டோக்கன் போடும் அண்ணன். நல்ல மனிதர், ஆனால் குரல் மைக் செட் வைக்காத குறை. "பைல்ஸுக்கு வந்தது யாரும்மா?" என்று அவர் கூப்பிட்டால் கீழே மருந்துக்கடையில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் உள்ளே போனதும் முதல் வேலையாக இதை டாக்டரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு அவரைக் கூப்பிட்டு, "இனிமே நம்பர் மட்டும் சொல்லுங்கண்ணா" என்றார். அடுத்த முறை போனபோது நம்பர்தான் சொன்னார், அதே குரலில்.

இனி நல்லது. டாக்டர் எடுத்த எடுப்பில் படுக்கச் சொல்லவில்லை, கேள்வி கேட்டார். ரத்தம் சொட்டுகிறதா, இல்லை கழுவும்போது கையில் படுகிறதா? மலத்தின் மேல் கோடாக வருகிறதா, உள்ளே கலந்து வருகிறதா? பளிச்சென்ற சிவப்பா, கருஞ்சிவப்பா, தார் மாதிரி கறுப்பா? வலி போகும்போதா, போன பிறகா, இல்லை எந்நேரமுமா? ஏதாவது வெளியே தள்ளுகிறதா, தள்ளினால் தானாக உள்ளே போகிறதா, கையால் தள்ள வேண்டியிருக்கிறதா? போகிற பழக்கம் சமீபத்தில் மாறியிருக்கிறதா? எடை குறைந்ததா? சர்க்கரை உண்டா? இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது குடலில் புற்று வந்ததுண்டா? இத்தனையும் கேட்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த மருந்துக்கடைப் பையன் இதில் ஒன்றையும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் பரிசோதனை. பல பேர் வருடக்கணக்கில் டாக்டரிடம் போகாமல் இருப்பதே இதற்குப் பயந்துதான் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மார்பை நோக்கி மடக்கிக்கொள்ள வேண்டும். மேலே ஒரு துணி போர்த்துகிறார்கள். அந்த இடம் மட்டும்தான் திறந்திருக்கும். சிஸ்டர் பக்கத்திலேயே நின்றார். கதவுக்கு உள்தாழ்ப்பாள், திரை, இரண்டும் இருந்தன. "வாயால மூச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் இரண்டு பக்கமும் மெதுவாக விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். அவ்வளவுதான். விரல் வைப்பார், குழாய் விடுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "வெடிப்பு வெளியிலேயே தெரியுது. இவ்வளவு வலியில உள்ளே கை வச்சா அது சித்திரவதை. ஆறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்கே ஃபீஸ் 300 ரூபாயும் சரியாகப் போயிற்று.

சீட்டின் பின்பக்கம் ஒரு கடிகாரம் வரைந்து காட்டினார். ஆறு மணி இருக்கும் இடத்தில், அதாவது முதுகுப் பக்கம் நடுக்கோட்டில், சின்னதாக ஒரு கோடு. "இதுதான் உங்க ஃபிஷர். பனிக்காலத்தில உதடு வெடிச்சா, ஆறுறதுக்குள்ள சிரிச்சு மறுபடி வெடிக்குமே, அதே கதைதான். வலிக்குதுன்னு உள்சதை இறுக்கிப் பிடிக்குது, இறுக்கினா அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையுது, ரத்தம் வராம புண் ஆறாது." பிறகு மூன்று, ஏழு, பதினொன்று மணிகளில் புள்ளி வைத்தார். மூலம் வழக்கமாகப் புடைக்கிற இடங்கள் அவை. உள்மூலம் பெரும்பாலும் வலிக்காதாம். வலியில்லாமல் பளிச்சென்று ரத்தம் சொட்டினால் மூலத்தை நினைக்கலாம், உயிர் போகிற வலியோடு துளி ரத்தம் என்றால் வெடிப்பை நினைக்கலாம். "நினைக்கலாம்னுதான் சொல்றேன், முடிவு பண்ணலாம்னு சொல்லல" என்று அழுத்திச் சொன்னார். வெடிப்பு நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் டாக்டர்கள் சும்மா விடமாட்டார்களாம். காசநோய், குடல் அழற்சி என்று வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். எந்த மணியில் வெடித்திருக்கிறது என்பதைக் களிம்புக் குழாய் பார்த்துச் சொல்லாது.

மருந்து என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. டில்டியாசெம் சேர்த்த களிம்பு, விரல் நுனியில் பட்டாணி அளவு எடுத்து ஓரத்தில் தடவ வேண்டும். உள்சதையின் இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் அதன் வேலை. இதே வேலையைச் செய்கிற நைட்ரோகிளிசரின் களிம்பும் இருக்கிறது, அது சிலருக்குத் தலைவலியைக் கிளப்பிவிடுமாம். கூடவே மலத்தை இளக்க இசப்கோல், வெந்நீரில் உட்காருவது. முக்கக் கூடாது, கழிவறையில் போனை நோண்டிக்கொண்டு உட்காரக் கூடாது. புதிதாக வந்த வெடிப்பில் பெரும்பாலானவை ஆறு வாரத்துக்குள் இப்படியே ஆறிவிடும், ஆறாவிட்டால் அடுத்த வழி பார்க்கலாம் என்றார். ஆபரேஷன் என்ற பேச்சை அவராக எடுக்கவில்லை. நான் கேட்ட பிறகுதான், நாள்பட்டு ஆறாத வெடிப்புக்கு உள்சதையில் சின்னதாக ஒரு வெட்டுப் போடுகிற முறை உண்டு, உங்களுக்கு இப்போது அதற்கு அவசியமில்லை என்றார். எனக்கு முதல் வாரத்திலேயே வலி பாதியாயிற்று. முழுக்க ஆற அவர் சொன்ன காலம் ஆனது. ஆறிய பிறகு ஒரு நாள் வரச்சொல்லி விரலாலும் சின்னக் குழாய் விட்டும் பார்த்தார். அசௌகரியம் உண்டு, வலி இல்லை, எடைச் சீட்டு ஒன்று எழுதும் நேரத்தில் முடிந்துவிட்டது.

அந்த மர பெஞ்சில் நின்றும் உட்கார்ந்தும் கேட்ட கதைகள் தனி. ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், முந்தின நாள் சிலிண்டர் தூக்கி வைத்தாராம், ராத்திரியே ஓரத்தில் நீலமாகத் திராட்சை அளவு கட்டி, தொட முடியாத வலி. வெளிமூலத்தில் ரத்தம் உறைந்து கட்டிவிட்டது. இரண்டு மூன்று நாளைக்குள் வந்தால் மரக்க ஊசி போட்டு எடுத்துவிட்டால் வலி சட்டென்று குறையும். அதைத் தாண்டி வந்தால் பெரும்பாலும் தானாக வற்ற விட்டுவிடுவார்கள், அதற்குள் வலியின் உச்சம் கடந்திருக்கும். அவர் அன்றைக்கே வந்ததால் அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். வெளியே வரும்போது முகத்தில் வேறு ஆள்.

இன்னொரு பெரியவர், கோத்தகிரி பக்கம், சர்க்கரை உள்ளவர். அவர் வந்தபோது பெஞ்சில் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டோம், அப்படி ஒரு நடை. வலி போகும்போது, வந்தபோது என்றில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் விண்விண்ணென்று தெறிக்கிறது, கூடவே காய்ச்சல், நடுக்கம். பழுக்கட்டும், பழுத்தால் தானாக உடையும் என்று வீட்டில் பற்றுப் போட்டு வைத்திருந்தார்கள். டாக்டர் வரிசையை நிறுத்திவிட்டு அவரை முதலில் பார்த்தார். இது சீழ்க்கட்டி, வெறும் மாத்திரையில் அடங்காது, கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது, சர்க்கரைக்காரர்களுக்கு இது கிடுகிடுவென்று பரவி உயிருக்கே வினையாகும் என்று மகனிடம் சொல்லி, அவரே போன் செய்து அந்த இரவே ஊட்டியில் அட்மிட் பண்ண ஏற்பாடு செய்தார். இப்படிச் சீழ்க்கட்டி வந்தவர்களில் கணிசமான பேருக்குப் பிறகு பௌத்திரம் வருமாம். ஓரத்தில் சின்னத் துளை, அவ்வப்போது சீழ் கசியும், மூடும், மறுபடி உடையும். அதுவும் தானாக மூடிக்கொள்ளும் ஜாதி இல்லை, அறுவைச் சிகிச்சைதான். பௌத்திரத்துக்கு ஆயுர்வேதத்தில் மருந்து தோய்த்த நூல் கட்டும் முறை உண்டு. முறையாகப் படித்த ஆயுர்வேத மருத்துவர் செய்தால் அதில் நம் டாக்டருக்கு ஆட்சேபணை இல்லை. கண்டவர்கள் கட்டினால் மலத்தைப் பிடித்து வைக்கிற சதையே போய்விடும் என்பதுதான் அவர் பயம்.

நூல் என்றதும் சுவர் விளம்பரம் நினைவுக்கு வரும். 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் குணம்' என்று பாலத்தடியிலும் தடுப்புச் சுவரிலும் மஞ்சள் பெயின்ட்டில் எழுதி வைத்திருப்பார்களே, அதுதான். என் கொழுந்தன் அதை நம்பிப் போனவர். கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு ராத்திரியில் கேரட் லோடு ஏற்றிக்கொண்டு இறங்கும் பிக்கப் டிரைவர். ரத்தம் போகிறது என்பதை அண்ணனிடமே சொல்லவில்லை. என் ஓரகத்தி துணி துவைக்கும்போது பார்த்துவிட்டு என்னிடம் வந்து அழுதாள். விசாரித்தால், சமவெளியில் ஏதோ ஓர் ஊரில் அப்படி ஒரு இடத்துக்குப் போய்வந்த கதை வெளியே வந்தது. பெயரைச் சொல்லி அவர்களுக்கு இலவச விளம்பரம் தர மாட்டேன். சட்டமாட்டிய சான்றிதழ் எதுவும் கண்ணில் படவில்லையாம். ஒரு ஊசி, ஒரு பொட்டலம் பொடி, கோழிக்கறி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது என்று ஒரு பத்தியப் பட்டியல், 8,000 ரூபாய். ரத்தம் நிற்கவில்லை. கேட்டால் பத்தியம் மீறினாய் என்கிறார்கள்.

இங்கே கூட்டி வந்தோம். மாடி ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கியதைக் கவனித்த டாக்டர், முதலில் பார்த்தது கீழ் இமையைத்தான். வெளுத்துக் கிடந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டு. குழாய் விட்டுப் பார்த்ததில் மூலமும் இருந்தது, இரண்டாம் நிலை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்போது அவர் சொன்னதைத்தான் இதைப் படிக்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்: "மூலம் இருக்கு. அதனால மேல வேற எதுவும் இல்லைன்னு ஆகிடாது. இவருக்கு வயசு ஐம்பதை நெருங்குது, ரத்தம் மலத்தோட கலந்தும் வருது, ரெண்டு மூணு மாசமா போற பழக்கமே மாறியிருக்கு, சோகை வேற. பெருங்குடல் முழுக்கப் பாக்காம மூலத்துக்கு நான் கை வைக்க மாட்டேன்." மூலத்தின் அடியை இறுக்கிச் சுருங்க வைக்கிற ரப்பர் வளையம் போட அவரிடமே வசதி இருக்கிறது, போட்டால் அவருக்கு வருமானம். போடாமல் கோயம்புத்தூருக்குச் சீட்டு எழுதினார்.

மலைமேல் இருக்கிறவர்கள் கொலனோஸ்கோப்பிக்கு, அதாவது கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற பரிசோதனைக்கு, கோவை போவதில் ஒரு சிக்கல் உண்டு. முந்தின நாளிலிருந்து குடலைச் சுத்தம் செய்ய லிட்டர் கணக்கில் கரைசல் குடிக்க வேண்டும். குடித்த பிறகு கழிவறையை விட்டு நகர முடியாது. அதைக் குன்னூரில் குடித்துவிட்டுப் பதினான்கு கொண்டை ஊசி வளைவும் இறங்குவது நடக்கிற காரியமா? பர்லியாரில் வண்டியை நிறுத்தினாலும் குரங்குதான் வரவேற்கும். டாக்டரே எச்சரித்தார், முந்தின நாள் காலையிலேயே இறங்கிவிடுங்கள் என்று. மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்து, அங்கே குடிக்கவைத்து, மறுநாள் கூட்டிப் போனோம். தூக்க ஊசி போட்டுச் செய்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பெருங்குடலின் இடது பக்கத்தில் நல்ல பெரிய பாலிப், அதாவது சதை வளர்ச்சி, ஒன்று இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். பயாப்சியில் புற்று இல்லை, ஆனால் வருடங்கள் போனால் அப்படி மாறக்கூடிய வகை என்று வந்தது. சில வருடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் நம் டாக்டர் மூலத்துக்கு வளையம் போட்டார். வலி உணரும் நரம்பு இல்லாத உயரத்தில் போடுவதால் ஊசிகூட இல்லை, அழுத்தம் மட்டும்தான் தெரியும். ஒரு வாரம், பத்து நாளில் சுருங்கி உதிரும், அப்போது கொஞ்சம் ரத்தம் வரலாம், பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் காய்ச்சல், கடும் வலி, சிறுநீர் அடைப்பு, இவற்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று கொழுந்தனிடம் மட்டுமல்ல, ஓரகத்தியிடமும் தனியாகச் சொல்லி அனுப்பினார். டிரைவர்கள் வலியை மறைப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எது வந்தால் ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம் என்று ஒரு முறை நேராகவே கேட்டுவிட்டேன். மலச்சிக்கலோடு லேசான எரிச்சல், அரிப்பு, ஒரு தடவை கையில் பட்ட துளி ரத்தம், வயதும் குறைவு என்றால் நார்ச்சத்து, தண்ணீர், வெந்நீரோடு ஒரு வாரம் பார்க்கலாம். அதற்குள் சரியாகவில்லை என்றாலோ, ரத்தம் திரும்பத் திரும்ப வந்தாலோ காட்டிவிட வேண்டும். நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக ரத்தம் என்றால் அந்த ஒரு வாரமும் கிடையாது. எடை குறைவது, சோகை, போகிற பழக்கத்தில் வாரக்கணக்கில் நீடிக்கும் மாற்றம், போய்விட்டு வந்தும் இன்னும் மீதி இருக்கிற மாதிரியே உணர்வு, குடும்பத்தில் குடல் புற்று, இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படியே. நிற்காமல் கொட்டுகிற ரத்தம், தலைசுற்றல், மயக்கம், தார் போன்ற கறுப்பு மலம் என்றால் இந்த மாடிப் படியே ஏற வேண்டாம், நேரே 108. வெளியே தள்ளிய மூலம் உள்ளே போகாமல் வீங்கி வலித்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிதான். கறுப்பு என்றதும் பதற வேண்டாம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கறுப்பாகப் போகும் என்றார். சிவப்பிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. எங்கள் ஃபேக்டரியில் ஒரு பெண், பீட்ரூட் விலை சரிந்து அக்கம்பக்கத்தில் சும்மா கொடுத்த வாரத்தில் மூன்று வேளையும் அதையே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் ரத்தமாகப் போகிறது என்று என் மேஜைக்கு வந்து நின்றாள்!

குழந்தைகளுக்கு ராத்திரியில் மட்டும் அரித்தால் பெரும்பாலும் கீரிப்பூச்சி. வீட்டில் எல்லோரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு அரிப்பு என்றால் சோப்புப் போட்டுத் தேய்ப்பதை முதலில் நிறுத்தச் சொல்கிறார். மருந்துக்கடைக் களிம்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் தடவினால் தோல் மெலிந்து இன்னும் மோசமாகும். கர்ப்பிணிகள் எந்தக் களிம்பும் கேட்காமல் போடக்கூடாது.

வெந்நீரில் உட்கார ஆன்லைனில் ஒரு பிளாஸ்டிக் டப் விற்கிறார்கள், அதையும் வாங்கினேன். இதற்கும் சேர்த்து மார்க் போட்டுவிடுகிறேன். வெஸ்டர்ன் கழிவறை இருக்கிற வீட்டுக்குச் சரி, கோப்பை மேல் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் லைன் வீடு மாதிரி இந்தியன் கழிவறை என்றால் அதை எதன் மேல் வைப்பது? தரையில் வைத்து உட்கார்ந்தால் விளிம்பு தொடையை அறுக்கிறது, பாதித் தண்ணீர் வெளியே. கடைசியில் துணி அலசுகிற அகலப் பேசின்தான் கைகொடுத்தது. வெதுவெதுப்பான தண்ணீர், பத்துப் பதினைந்து நிமிடம், போய்விட்டு வந்த பிறகு ஒரு முறை கட்டாயம். குன்னூரில் ஐந்து நிமிடத்தில் தண்ணீர் ஆறிவிடுகிறது, பக்கத்தில் ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்து விளாவிக்கொள்ள வேண்டும். டெட்டாலோ உப்போ போட வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். டப்புக்குப் பத்துக்கு மூன்று. அது இப்போது வெங்காயம் போட உதவுகிறது.

இசப்கோல் விஷயத்தில் ஒன்று. தண்ணீர் குடிக்காமல் அதை மட்டும் விழுங்கினால் அடைத்துக்கொண்டு இன்னும் இறுகும். ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு எடுத்து, மேலும் ஒரு தம்ளர் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டுமாம். நம் ஊரில் அதற்கு ஆப்பிள் வாங்கத் தேவையில்லை. சாமைச் சோறு, ராகிக் களி, அவரை, கேரட், முட்டைக்கோஸ், கொய்யா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் விளைகிறது. மாமியார் துத்தி இலையும் கருணைக்கிழங்கு மசியலும் செய்து கொடுத்தார். டாக்டரிடம் கேட்டேன். கருணைக்கிழங்கு நல்ல நார்ச்சத்து, தாராளமாகச் சாப்பிடுங்கள், அதைச் சாப்பிடுகிறேன் என்று பரிசோதனைக்கு வராமல் மட்டும் இருக்காதீர்கள் என்றார். கத்தரிக்காயும் கோழியும் தடையில்லை. இதைக் கேட்டதும் என் கொழுந்தன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கிளினிக்குக்கு என் மார்க் பத்துக்கு எட்டு. ஒன்று மர பெஞ்சுக்குக் குறைத்தேன், இன்னொன்று டோக்கன் அண்ணனின் குரலுக்கு. ஞாயிறு விடுமுறை. கார்டு வாங்குவதில்லை, ஜிபே உண்டு. மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டால் டாக்டர் வரத் தாமதமாகும், போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். கோத்தகிரி, மஞ்சூர் பக்கமிருந்து வருகிறவர்கள் நாலு மணிக்கே டோக்கன் போட்டுவிடுவது நல்லது, இல்லாவிட்டால் கடைசி பஸ் போய்விடும். சாப்பிடுகிற மாத்திரைகளையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார ஒரு தலையணையும்.